உயர்தரம் முடித்த கையோடு சட்டம்

“வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்துதான் சட்டம் படிக்க வேண்டும். பள்ளிச் சீருடையைக் கழற்றிய கையோடு படிக்கிற படிப்பில்லை அது.”

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகளுக்காக எங்கள் பாடசாலையில் நடந்த தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் இப்படிச் சொன்னவர், மட்டக்களப்பு நீதிமன்றங்களில் நீண்ட காலம் வழக்காடி ஓய்ந்த ஒரு மூத்த சட்டத்தரணி. ஊரில் வயதானவர்கள் இன்றும் அவரை, வழக்கறிஞருக்கு வழங்கிய பழைய சொல்லால், அப்புக்காத்து ஐயா என்றே அழைக்கிறார்கள். காசில்லாதவர்களின் வழக்குகளைக் காசு வாங்காமல் பேசியவர். பிள்ளைகளை மட்டம்தட்டிப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. தாபரிப்பு (ஜீவனாம்ச) வழக்குக்கு வருகிற பெண் வாய்விட்டுச் சொல்வது பாதி, சொல்லாமல் விடுவது பாதி, அந்தச் சொல்லாத பாதியை இருபத்தைந்து வயதுச் சட்டத்தரணி எங்கே கேட்கப் போகிறார் என்பதுதான் அவருடைய கவலை. முதலில் ஒரு பட்டம், பிறகு ஒரு தொழில், அதன்பின் சட்டம் என்று அவர் வரிசைப்படுத்தினார். மண்டபத்தில் இருந்த பெற்றோர்கள் தலையாட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்பதை அங்கேயே எழுந்து சொல்லும் அளவுக்கு என் எண்ணம் தெளிவாகவும் இல்லை. அதன்பிறகு அது என்னை விடவுமில்லை.

நான் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுக்கிற பிள்ளைக்கு, அதிலும் பெண்பிள்ளைக்கு, எங்கள் பக்கத்தில் வழி ஏற்கெனவே போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ உள்ள கல்வியியற் கல்லூரி, பிறகு நியமனம், முடிந்தால் ஊருக்குப் பக்கத்துப் பாடசாலை. மாதம் முடியச் சம்பளம், மத்தியானத்துக்கு வீட்டுச் சோறு. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நியமனக் கடிதங்கள்தான் இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களைப் பட்டினியிலிருந்து மீட்டன. ஆனால் “சட்டம் படிக்கட்டுமா?” என்று ஒரு பிள்ளை கேட்கும்போது வீட்டில் வருகிற முதல் பதில் “கோட்டுக் கச்சேரி எல்லாம் நமக்கு எதற்கு?” என்பதாக இருக்கிறது. அந்தப் பதிலோடு மூத்த சட்டத்தரணி ஒருவரின் வாயிலிருந்து “இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்” என்பதும் சேர்ந்துகொண்டால், அந்தப் பிள்ளையின் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் “பிறகு” என்று தள்ளிவைக்கப்பட்ட படிப்புகள் பெரும்பாலும் கல்யாண வீட்டிலோ கட்டார் விமானத்திலோதான் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

ஐயா சொன்னது வெறும் கிழவர் பேச்சு என்று தள்ள முடியாது. அமெரிக்காவில் ஒரு பட்டத்தை முடித்த பிறகுதான் சட்டப் பள்ளிக்குள் நுழையலாம். இந்தியாவிலும் நீண்ட காலம் பட்டத்துக்குப் பிந்தைய மூன்றாண்டுப் படிப்பாகவே சட்டம் இருந்தது. பள்ளி முடித்ததும் சேரக்கூடிய ஐந்தாண்டுப் படிப்பு, பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி 1988 இல் முதல் அணியைச் சேர்த்த பிறகுதான் அங்கே பரவலாக வேரூன்றியது. நாங்கள் பிரித்தானிய வழியில் வந்தவர்கள். பள்ளி முடித்தவர் நேரே சட்டத்துக்குப் போகலாம் என்பது இங்கே பழைய ஏற்பாடு. காந்தி 1888 இல் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறியபோது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. மூன்று ஆண்டுகள் கழிவதற்குள் பாரிஸ்டர் ஆகிவிட்டார். திரும்பி வந்து பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்ததும் அவர்தான். ஆகவே காந்தியை இரு கட்சிக்காரர்களும் சாட்சிக்கு அழைக்கலாம்.

பன்னிரண்டும் பதினாறும்

என் எண்ணம் தெளிந்தது ஒரு மாணவியால். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எங்கள் பாடசாலைக்கு வந்து படித்த பிள்ளை. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். அடிப்படை உரிமைகள் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், பாடம் முடிந்த பிறகு மேசைக்கு வந்து நின்றாள்.

“டீச்சர், எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. அம்மாவின் வீடு எனக்கு என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்தார்கள். ஆனால் அது பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது. அப்பா தனக்குப் பிறகு காணி யாருக்கு, பின்னுரித்தாளர் யாரென்று எழுதாமலே இறந்துவிட்டார். அம்மா இருக்கும்வரை இருக்கலாம், அம்மாவுக்குப் பிறகு அண்ணனுக்குத்தான் போகும் என்று காணிக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். அம்மாவால் எனக்கு எழுதித் தரவும் முடியாதாம். நீங்கள் இப்போது படிப்பித்த பன்னிரண்டாம் உறுப்புரை, ஆண் பெண் என்று வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. அப்படியானால் எது பெரியது, டீச்சர்?”

அரசியலமைப்புத்தான் நாட்டின் அதியுயர் சட்டம் என்று பாடநூலில் உள்ளதைச் சொன்னேன். சரி என்று போய்விட்டாள். அடுத்த நாள் அரசியலமைப்பின் பிரதி ஒன்றோடு வந்தாள். பதினாறாம் உறுப்புரையின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்கு முரணாக இருந்தாலும், 1978 அரசியலமைப்பு வருவதற்கு முன்பே இருந்த சட்டங்கள் தொடர்ந்து செல்லுபடியாகும் என்று சொல்கிற உறுப்புரை அது. “காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டினுடையது, டீச்சர். அப்படியென்றால் பன்னிரண்டு அதைத் தொடாது, இல்லையா?”

சட்ட மாணவர்கள் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற ஒரு விடயத்தை, பதினெட்டு வயதுப் பிள்ளை தன் வீட்டுக் காணிக்காகத் தானே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். அவள் அத்தோடும் விடவில்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு 2022 இல் ஒரு திருத்தம் வந்தது. மகன்களை முன்னால் வைத்து மகள்களைப் பின்னால் தள்ளிய பழைய வரிசையை அது மாற்றியது. “அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். புதிய சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி. எனக்கு விடை தெரியாது. அப்புக்காத்து ஐயாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் நெடுநேரம் ஆர்வத்தோடு பேசினார், பின்னுரிமை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, பதிவு நடந்ததா, தாய் உயிரோடு இருக்கிறாரா என்றெல்லாம் கேட்டார். கோப்பைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று முடித்தார். இதைக் கேட்டது உயர்தர மாணவி ஒருத்தி என்று சொன்னேன். “கெட்டிக்காரி. நன்றாகப் படிக்கட்டும், முதலில் ஒரு பட்டம் எடுக்கட்டும்” என்றார். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கோ அந்த நிமிடத்தில்தான் என் கருத்து உறுதியானது.

“வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வா” என்பது, சட்டம் எட்டிப் பார்க்காத வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க புத்தி. இந்தக் கரையோரத்திலும் வாவிக்கு அப்பாலும் சட்டம் பிள்ளைகளுக்கு முன்பே வீட்டுக்குள் வந்து குந்தியிருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த முதல் ஆளாக, பிரதேச செயலகத்துக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது எட்டாம் வகுப்புப் பிள்ளை. சிங்களத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தகப்பன் கையெழுத்து வைக்கும்போது பக்கத்தில் நிற்பதும் அந்தப் பிள்ளைதான். காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத பாட்டி, 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பதிலாகத் தந்த காணாமற்போனமைச் சான்றிதழை எடுப்பதா விடுவதா என்று அழுதபோது கூட இருந்தவர்களும் இந்தப் பிள்ளைகளே. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது காணியில் வேறொருவர் வேலி அடைத்திருந்தால், பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவருக்கே காணி என்கிற ஆட்சியுரிமை வாதத்தைச் சந்திப்பது எப்படி என்பது எங்கள் தேநீர்க் கடைகளில் பேசப்படுகிற விடயம். ஆயுத மோதலால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு 2016 இன் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் இடமளித்தது, அதுவும் குறித்த காலத்துக்குள் வழக்குப் போட்டால் மட்டும். அந்தக் காலம் முடிவதற்குள் எத்தனை பேருக்கு விடயம் எட்டியது என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது. சொல்லாத பாதியைக் கேட்கும் காது வேண்டும் என்றார் ஐயா. அந்தக் காது இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. வீடு பெண்ணுக்கு, குடி தாய்வழி என்பது எங்களிடம் வெறும் பழக்கமாக மட்டும் இருந்ததில்லை. முக்குவர் சட்டம் என்ற பெயரில் மட்டக்களப்பு நீதிமன்றங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை ஏற்று வழக்குத் தீர்த்திருக்கின்றன. தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்குச் சட்டமாகவே நிலைத்தது. எங்களுடையது 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு மறைந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போனாலும் வீடு கட்டி மகளுக்குக் கொடுக்கிற வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் போகவில்லை. ஆகவே கொழும்பில் எழுதப்பட்ட காணிச் சட்டம் அண்ணனுக்கு என்றபோது, இங்கே ஒரு பெண்பிள்ளைக்கு அது வெறும் பாரபட்சமாகத் தெரியவில்லை, தன் ஊரே புரட்டிப் போடப்பட்டதாகத் தெரிந்தது. இப்படியொரு கேள்வி இங்கே பிறந்த ஒருவருக்குத்தான் தோன்றும். அதைப் பன்னிரண்டு ஆண்டு ஆறப்போட்டுவிட்டு முப்பது வயதில் போய்ச் சட்டம் படித்தால், அதே சூட்டோடு அது இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

உண்மையில் எத்தனை வயதாகிறது

வயதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. உயர்தரம் எழுதிப் பெறுபேறு வந்து, பெறுபேற்றைத் தரப்படுத்துகிற இசட் புள்ளி வந்து, அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து, பல்கலைக்கழகக் கதவு திறப்பதற்குள் பிள்ளைக்கு இருபது தாண்டிவிடுகிறது. எந்தப் பிரிவில் உயர்தரம் படித்தவரும் சட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் நான்கு ஆண்டுப் படிப்பு. சட்டமாணிப் பட்டம் வாங்கினாலும் சட்டத்தரணி ஆகிவிட முடியாது. கொழும்புப் புதுக்கடையில் 1874 இலிருந்து இயங்குகிற சட்டக்கல்லூரியின் பரீட்சைகளை எழுத வேண்டும். அதன்பிறகு அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதம் தொழில் பயில வேண்டும். எல்லாம் முடிந்து உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யும்போது இருபத்தாறு, இருபத்தேழு ஆகிவிடும். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் சட்டக்கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை நேரடியாக எழுதலாம், மொழி ஒரு தாள், பொது அறிவும் நுண்ணறிவும் ஒரு தாள். தேறினால் மூன்று ஆண்டுப் படிப்பும் பயிலுநர் காலமும். இதுவும் எட்டிய கையில் விழுகிற கனி கிடையாது. உயர்தரம் முடித்த கையோடு தொடங்குகிறவரே இவ்வளவு காலம் எடுக்கிறார் என்றால், இடையில் ஒரு பட்டத்தையும் ஒரு தொழிலையும் நுழைத்தால் முதல் வழக்குப் பேசும்போது நாற்பதைத் தொடுவார். முதிர்ச்சி வேண்டும் என்பவர்களுக்கு அந்த ஆண்டுகளே போதாதா?

வேலை பார்த்துக்கொண்டு படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, மட்டக்களப்பிலேயே அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. என்னோடு கற்பிக்கும் சிலர் அப்படிச் சட்டமாணிப் படிப்பில் சேர்ந்தார்கள். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு நள்ளிரவில் ஒப்பந்தச் சட்டம் படித்துப் பட்டம் எடுத்தவர்களை நான் மனதார வணங்குகிறேன். இடையில் நிறுத்தியவர்கள்தான் அதிகம். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஒருவருக்கு மாமியாரின் நோய், இன்னொருவருக்கு இடமாற்றம், இன்னொருவருக்கு ஆங்கிலம்.

இந்த ஆங்கிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நீதிமன்ற நடவடிக்கைகள் தமிழில் நடக்கின்றன. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை தருகிற உரிமை அது. குறுக்கு விசாரணையில் சாட்சி சொல்கிற “வெள்ளாமை”, “வட்டை”, “போடியார்” எல்லாம் புரிந்தவர்தான் அங்கே வழக்கை நகர்த்த முடியும். ஆனால் முன்தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. புதிய சட்ட அறிக்கைகள் என்று நாம் அழைக்கிற தொகுதிகள் முழுதும் ஆங்கிலம். மேல் மட்ட நீதிமன்றங்களில் வாதமும் தீர்ப்பும் பெரும்பாலும் ஆங்கிலமே. சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதி ஒன்று வந்து, 2023 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. அது தோற்றதில் எனக்கு மகிழ்ச்சி. அந்த விதி நின்றிருந்தால், வசதியில்லாத பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படலை பூட்டப்பட்டிருக்கும். அதற்காக ஆங்கிலம் இல்லாமலே சமாளிக்கலாம் என்று எந்தப் பிள்ளையிடமும் நான் சொல்லமாட்டேன். பத்தொன்பது வயதில் ஒரு தீர்ப்பை அகராதியோடு மல்லுக்கட்டி வாசிக்கிற பிடிவாதம், முப்பத்தைந்தில் எல்லோருக்கும் கிடைக்காது.

தடுப்பது வேறு ஒன்று

நான் பார்த்தவரை, எங்கள் பிள்ளைகளைச் சட்டத்திலிருந்து திருப்பி அனுப்புவது வயது கிடையாது. கொழும்பில் ஒரு அறை வாடகை. பயிலுநர் காலத்தில் கைக்கு ஒன்றும் வராத ஆறு மாதம், அதற்குப் பின்னால் கனிஷ்ட சட்டத்தரணியாகச் சிரேஷ்டரின் கோப்பைத் தூக்கிக்கொண்டு திரிகிற, வருமானம் இன்னதென்று சொல்ல முடியாத சில ஆண்டுகள். தகப்பனோ மாமனோ சட்டத்தரணியாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அறையும் நூலகமும் கட்சிக்காரரும் ஆயத்தமாக இருக்கும். ஒரு வயல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு, யாரிடம் போய்ப் பயிலுநராகச் சேரக் கேட்பது என்பதே தெரியாது. மகாபொல புலமைப்பரிசில் 1981 இலிருந்து எத்தனையோ பேரைப் பல்கலைக்கழகத்தில் தாங்கிப் பிடித்திருக்கிறது. பட்டத்துக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஆண்டுகளைத் தாங்க எதுவும் இல்லை. கல்வியியற் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அந்த இடைவெளி இல்லை. பெற்றோர் தலையாட்டியது ஐயாவின் தத்துவத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் யார் உழைப்பது என்ற கணக்குக்காகத்தான் தலையாட்டியிருப்பார்கள்.

அந்தப் பிள்ளையின் தாயும் என்னிடம் வந்தது அந்தக் கணக்கோடுதான். நல்ல பெறுபேறு வந்திருந்தது. “டீச்சர், உங்களை மாதிரி டீச்சராக வந்தால் போதும். கொழும்பில் பெண்பிள்ளையை விட்டு நான் எப்படி இருப்பேன்? அண்ணன்காரனோடு காணிச் சண்டைக்குப் படிக்க வைக்கிறாள் என்று சனம் சொல்லும்” என்றார். கடைசியாகச் சொன்னதுதான் அவரை உறுத்திய காரணம் என்று எனக்குப் பட்டது. அண்ணன் கெட்டவன் கிடையாது, வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில்தான் தங்கை டியூஷன் போனாள். சட்டம் அவனுக்குக் கொடுத்ததை அவன் கேட்டு வாங்கவுமில்லை. இதையெல்லாம் அந்தத் தாயிடம் விளக்கினேன். மகள் அண்ணனோடு வழக்காடப் போகவில்லை, உங்களைப் போல எழுதித் தர முடியாமல் நிற்கிற தாய்மாருக்காகப் போகிறாள் என்றேன். அவர் உடனே சம்மதித்துவிடவில்லை. தாழங்குடாவுக்கும் விண்ணப்பம் போடட்டும், சட்டத்துக்கும் போடட்டும், எது முதலில் வருகிறதோ பார்ப்போம் என்பதுதான் முடிவு. விண்ணப்பத்தில் சட்டத்தை முதல் தெரிவாக அவளே எழுதினாள். தாய் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

இப்போது வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிறோம். அது கைகொடுக்காவிட்டால் சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சை. சனிக்கிழமைகளில் வந்து, ஐயா இரவல் தந்த பழைய சட்ட அறிக்கைத் தொகுதியிலிருந்து ஒரு தீர்ப்பை என்னோடு வாசிக்கிறாள். கருத்தை மாற்றாவிட்டாலும் புத்தகம் தந்தார், அது அவருடைய பெருந்தன்மை. இனி நான் கேட்கப் போவது அவரிடமும், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அறை வைத்திருக்கிற மற்றச் சிரேஷ்ட சட்டத்தரணிகளிடமும். ஆண்டுக்கு ஒரு பயிலுநரையாவது, சட்டத்தரணிகளே இல்லாத வீடுகளிலிருந்து எடுங்கள். அந்த ஆறு மாதமும் பஸ் செலவுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் ஆகிற காசைக் கையில் கொடுங்கள். அதன்பிறகும் ஓராண்டு உங்கள் அறையில் ஒரு மேசை கொடுங்கள். இதைக் கடிதமாக எழுதிச் சிலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் சம்மதித்திருக்கிறார். மற்றவர்களின் பதிலுக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.